நிலைப்படிக்கு வெளியே ஒரு சாட்சிக் கையெழுத்து

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை எங்கள் கோர்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரும் நம்புவதாகத் தெரியவில்லை. திருச்சி சார்பு நீதிமன்றத்தில் என் நாற்காலிக்கு இப்போது நஸ்ரீன் வந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். இருந்தாலும் வாரத்துக்கு ஒரு சந்தேகமாவது என் போனுக்கு வந்துவிடும். போன வாரம் வந்தது இது: "அக்கா, தீர்ப்பெல்லாம் தமிழ்ல மொழிபெயர்க்கச் சொல்றாங்க. ஒரு உயில் கேஸ்ல 'அட்டெஸ்ட்'னு பத்து இடத்துல வருது. கம்ப்யூட்டர் ஒரு இடத்துல 'சான்றளித்தார்'ங்குது, இன்னொரு இடத்துல 'உறுதி செய்தார்'ங்குது. எதைப் போட?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வினைச்சொல்லும் நானும் பழைய கூட்டாளிகள். அது ஒரு பெண்ணின் வீட்டை ஏறக்குறைய பறித்துக்கொண்டு போக இருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு "சூப்பர் அக்கா" என்று போட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அந்தச் சொல் முதலில் அறிமுகமானது மாடுகளுக்கு நடுவில். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா பணிமனையில் ஃபிட்டர். டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு வேலைக்கு மனுப் போடும்போது சான்றிதழ் நகல்களில் ஒரு கெஜட்டெட் அதிகாரியிடம் அட்டெஸ்ட் வாங்க வேண்டும் என்றார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் பச்சை மைப் பேனா வைத்திருக்கும் ஆள் யாரும் கிடையாது. அரியமங்கலத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் முகம் சுளிக்காமல் போட்டுத் தருவார் என்று யாரோ சொன்னார்கள். போனேன். எனக்கு முன்னால் இரண்டு எருமைகளும் காலில் அடிபட்ட ஒரு கன்றுக்குட்டியும் வரிசையில் நின்றன.

என் முறை வந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்த டாக்டர் அசல் எங்கே என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். "அசலைப் பாக்காம எப்படிம்மா நான் பாத்தேன்னு கையெழுத்துப் போடறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். மறுநாள் அசலோடு போனபோது ஒவ்வொரு மதிப்பெண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கணக்கில் நான் வாங்கியிருந்ததைப் பார்த்து ஒரு கணம் என் முகத்தையும் பார்த்தார். பிறகுதான் பச்சை மை இறங்கியது. அட்டெஸ்ட் என்றால் பார்த்தவன் போடும் கையெழுத்து என்று எந்தச் சட்டப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இன்றைக்கு அவரவர் நகலில் அவரவரே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. நல்லதுதான், எருமைகளுக்கும் நிம்மதி.

துறையூர், முசிறி என்று சில வருடங்கள் சுற்றிவிட்டுத் திருச்சிக்கே மாற்றலாகி வந்தேன். எத்தனையோ நீதிபதிகளிடம் வேலை பார்த்தேன். சிலர் மின்னல் வேகத்தில் டிக்டேட் செய்வார்கள். சிலர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு அதை எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள். நான் சொல்ல வந்த நீதிபதி இரண்டிலும் சேராதவர். ராமநாதபுரம் பக்கம். ஒல்லியான ஆள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். என்னை ஸ்டெல்லாம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய வழக்கம் விசித்திரமானது. சாட்சி ஒரு பதில் சொன்னதும் உடனே அதைப் பதிவு செய்ய மாட்டார். பேசாமல் சாட்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். கோபமாகவும் பார்க்க மாட்டார், சிரித்துக்கொண்டும் பார்க்க மாட்டார். பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல ஒரு பார்வை. அந்த மௌனம் தாங்காமல் சாட்சி இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வார். பெரும்பாலும் அந்த நாலு வார்த்தையில்தான் விஷயம் இருக்கும். பிறகு அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லி, "இப்படித்தானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் டைப் செய்யச் சொல்வார். வக்கீல்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்குக் கை வலிக்காமல் இருந்தது, அதனால் பிடித்திருந்தது.

அவர் வந்த புதிதில் ஒரு தானப் பத்திர வழக்கு. எடமலைப்பட்டி புதூரில் ஒரு மனை. அண்ணன் தங்கைக்கு எழுதிக் கொடுத்ததாகப் பத்திரம். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பத்திரப் பதிவு அலுவலக வாசலிலேயே காலம் தள்ளுகிறவர். கூண்டில் ஏறி, எல்லோரும் என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். நீதிபதி பேசாமல் பார்த்தார். சாட்சி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நீதிபதி இன்னும் பார்த்தார். "நான் டீக்கடையில இருந்தேங்க ஐயா. அங்கயே கொண்டாந்து குடுத்தாங்க, போட்டுக் குடுத்தேன்" என்று வந்துவிட்டது. அந்தத் தங்கை உண்மையிலேயே தானம் பெற்றவளாக இருக்கலாம். ஆனாலும் பத்திரம் நிற்கவில்லை. எழுதிக் கொடுக்கிறவர் முன்னிலையில் போடாத சாட்சிக் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்தே இல்லை என்று தீர்ப்பில் சொன்னார். நான்தான் டைப் அடித்தேன். அன்றிலிருந்து அட்டெஸ்ட் என்ற வார்த்தை எந்த வழக்கில் வந்தாலும் எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வந்து பயமாக இருக்கும்.

அந்தப் பயத்தோடுதான் வைதேகியின் வழக்கைப் பார்த்தேன்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி ஒன்றில் நீளமான பழைய வீடு. ராஜகோபாலன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் அற்பாயுசில் போய்விட்டார். மூத்தவரின் மனைவி வைதேகி, ஒரு பெண் குழந்தையோடு மாமனாரிடமே இருந்து கடைசி வரை அவரைப் பார்த்துக்கொண்டாள். இளையவர் முரளி பூனாவில் வேலையில் இருந்தார். ராஜகோபாலன் தன் உயிலில் வீட்டை வைதேகிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். உயில் செல்லாது, எனக்குப் பாதி வேண்டும் என்று முரளி வழக்குப் போட்டார். ஒரு சுவர் இந்தப் பக்கம், ஒரு சுவர் அந்தப் பக்கம் என்று ஒட்டி நிற்கும் வீடுகளில் பாதி என்பது கிடையாது. உயில் தோற்றால் வீட்டை விற்றே ஆக வேண்டும். வைதேகி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்த்தாள். விற்று வரும் பங்கில் ஸ்ரீரங்கத்தில் அவளுக்குக் குளியலறைகூடக் கிடைக்காது என்று அவளுடைய வக்கீல் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள். ஒருவர் அந்தத் தெருவிலேயே இருந்த டாக்டர். வழக்கு வருவதற்குள் காலமாகிவிட்டார். மற்றவர் சம்பத் ஐயங்கார். பெருமாள் கோஷ்டியில் தினமும் பிரபந்தம் சேவிக்கிறவர். பொய் என்றால் பல் கூசுகிற மனிதர். அவர் ஒருவர் வந்து, நான் பார்க்க ராஜகோபாலன் கையெழுத்துப் போட்டார், அவர் பார்க்க நான் போட்டேன் என்று சொன்னால் போதும். வைதேகியின் வக்கீல் பாலக்கரைக்காரர், எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். இவ்வளவு நல்ல சாட்சி எனக்கு வாழ்நாளில் அமைந்ததில்லை என்று நிம்மதியாக இருந்தார்.

முதல் விசாரணை நன்றாகவே போயிற்று. திருமண் இட்டு, வெள்ளை வேட்டியில் வந்து, கேட்டதற்கு அளவாகப் பதில் சொன்னார் சம்பத். பிறகு முரளியின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். சுறுசுறுப்பான இளைஞர். சும்மா ஒரு கல் எறிந்து பார்ப்போம் என்பது போலத்தான் கேட்டார்.

"நீங்க கையெழுத்துப் போடும்போது ராஜகோபாலன் பக்கத்துல உக்காந்திருந்தீங்களா?"

"இல்லை."

"எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?"

"அவர் கூடத்துல இருந்தார். நான் ரேழியில நின்னுண்டிருந்தேன்."

வக்கீல் கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். கூடத்துக்குள் போகவே இல்லையா என்று கேட்டார். "போகலை. போகப்படாது. நான் தீட்டு" என்றார் சம்பத், இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி.

அந்தச் சமயத்தில் அவருடைய தாயாதி வீட்டில் ஒரு சாவு. பத்து நாள் தீட்டு. அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, யாரையும் தொடக் கூடாது, எதையும் கைக்குக் கை கொடுக்கவோ வாங்கவோ கூடாது. ராஜகோபாலனை மறுநாள் ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூடத்து நிலைப்படிக்கு வெளியே, வாசலை ஒட்டிய நடையான ரேழியில் நின்றே விசாரித்துவிட்டுப் போக வந்திருக்கிறார். உயிலை எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்த ராஜகோபாலன், உள்ளே வர வேண்டாம், அங்கேயே நின்று போடும் என்றிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டதும் டாக்டர் கட்டிலருகிலேயே தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு உயிலை ஒரு அட்டையில் செருகிக் கொண்டுவந்து நிலைப்படிக்கு அருகில் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சம்பத் அதை எடுத்து, நின்றபடியே மார்போடு அணைத்துப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்பத் தரையில் வைத்தார். டாக்டர் எடுத்துக்கொண்டு போனார்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று வைதேகியின் வக்கீல் பிறகு தலையில் அடித்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சர்ச் ஆட்களுக்கு அப்படி ஒன்றைக் கேட்கத் தோன்றாது. சம்பத்துக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. செருப்பை வாசலில் விட்டேன் என்று யாராவது வக்கீலிடம் போய்ச் சொல்வார்களா? வைதேகியோ அந்த நேரம் அடுக்களையில் இருந்திருக்கிறாள். பெரியவர் நல்ல மனதோடு, சாஸ்திரத்துக்குக் குறைவில்லாமல் ஒரு காரியம் செய்தார். அது சட்டத்தின் காலில் போய் முள்ளாகக் குத்தியது.

முரளியின் வக்கீலுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வீட்டில் ரேழிக்கும் கட்டிலுக்கும் நடுவே முற்றம் இருக்கிறது, முற்றத்தைச் சுற்றி இடுப்பளவுக்குக் கட்டைச்சுவர் இருக்கிறது, கட்டிலில் இருந்தவருக்கு ரேழியில் நிற்பவர் தெரியவே தெரியாது என்று அடித்துப் பேசினார். கட்டிலில் தலை வைத்து எடுத்த ஒரு புகைப்படத்தையும் நீட்டினார். அதில் முழுக்கச் சுவர்தான் இருந்தது. டீக்கடைத் தீர்ப்பை அடித்த விரல்கள் இவை. அதே வாக்கியத்தை வைதேகியின் பெயர் போட்டு அடிக்க வேண்டி வருமோ என்று நினைத்தேன். வைதேகி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். தனக்கு ஏதோ ஆகிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது.

நீதிபதி படத்தை வெகுநேரம் பார்த்தார். இரண்டு வக்கீல்களுக்கும் பொதுவாகத் தமிழிலேயே சொன்னார்: "கையெழுத்துப் போடறதைப் பெரியவர் பாத்தாரான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. பாக்கணும்னு நினைச்சிருந்தா இருந்த இடத்துலேர்ந்து பாத்திருக்க முடியுமா? சட்டம் கேக்கறது அதைத்தான். இதைப் படத்துல பாத்து முடிவு பண்ண நான் தயாரா இல்லை." வீட்டையே நேரில் பார்வையிடுவதாக உத்தரவு போட்டார். நீதிபதியே நேரில் போவது எப்போதாவது நடப்பதுதான். பெரும்பாலும் வயல் வரப்பு, பொதுப் பாதை மாதிரியான வழக்குகளில் நடக்கும். ஒரு கட்டிலைப் பார்க்கப் போனது என் சர்வீஸில் அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை காலை காவிரிப் பாலம் தாண்டிப் போனோம். சித்திரை வீதியில் ஜீப் நின்றதுமே அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் முளைத்தன. முரளி பூனாவிலிருந்து வந்திருந்தார். உயரமான மனிதர், முன்தலை வழுக்கை, முகத்தில் தூக்கமில்லை. அண்ணியிடம் அவர் பேசவில்லை. நீதிபதி கேட்காமல் வாய் திறக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லி வைத்திருந்ததால் அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். முரளி மீது எனக்குக் கோபம் இருந்தது என்பதை மறைப்பானேன். அப்பாவின் கடைசிக் காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்த்தவருக்கு வீட்டில் பங்கு மட்டும் கேட்கத் தெரிகிறதே என்று நினைத்தேன். கோர்ட் சிப்பந்திக்கு அபிப்பிராயம் கூடாது என்பார்கள். அபிப்பிராயம் வைத்துக்கொள்ளலாம், டைப் அடிக்கத்தான் கூடாது.

கட்டில் போட்ட இடத்திலேயே இருந்தது. மாமனார் போன பிறகு அதை நகர்த்த மனம் வரவில்லை என்றாள் வைதேகி. தாழ்வான மரக்கட்டில். அதை ஒட்டி முற்றத்துக் கட்டைச்சுவர். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ரேழிக்குப் போகும் நிலைக்கதவு. நீதிபதி சம்பத்தை அன்று நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். ஒரு அட்டையும் காகிதமும் பேனாவும் கொடுத்து, அன்று போட்ட மாதிரியே கையெழுத்துப் போடச் சொன்னார். இப்போது தீட்டு ஒன்றும் இல்லையே, உள்ளேயே வரலாமே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சம்பத் காதில் வாங்காமல் நிலைப்படிக்கு வெளியே போய் நின்றார்.

கட்டிலில் யார் படுப்பது என்ற கேள்வி வந்தது. ராஜகோபாலன் என்ன உயரம் இருப்பார் என்று நீதிபதி கேட்டார். தன் உயரம்தான் என்றார் முரளி. அப்படியானால் நீங்களே படுங்கள் என்றார் நீதிபதி. முரளியின் வக்கீல் சிரித்துவிட்டார். வழக்குப் போட்டவரையே படுக்கச் சொன்னால் வேறென்ன பதில் வரும் என்ற சிரிப்பு. எனக்கும் அதே நினைப்புதான், சிரிப்பு மட்டும் வரவில்லை. இந்த மனிதர் மௌனமாக இருந்து இருந்து கடைசியில் இப்படிக் கோட்டை விடுகிறாரே என்று நீதிபதி மீதுகூடக் கோபம் வந்தது.

முரளி செருப்பில்லாத காலைத் துண்டால் துடைத்துவிட்டுப் படுத்தார். ரேழியில் சம்பத் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"தெரியுதா?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியலை. சுவர்தான் தெரியறது."

பொய் இல்லை. நானே குனிந்து பார்த்தேன், சுவர்தான். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். என் கை குறித்ததே தவிர மனம் அதில் இல்லை. தூணுக்குப் பின்னால் வைதேகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டது ஓரக்கண்ணில் தெரிந்தது. முரளியின் வக்கீல், பார்த்தாகிவிட்டது, கிளம்பலாமா என்பது போல நின்றார்.

நீதிபதி அசையவில்லை. கோர்ட்டில் சாட்சிகளைப் பார்க்கும் அதே பார்வையோடு கட்டிலருகில் நின்றார். முரளியும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே முகத்தைத் தலைமாட்டுப் பக்கம் திருப்பினார். அங்கே சுண்ணாம்புச் சுவரில், தலையணைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், கருத்துப் போன எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. வட்டமாக, ஒரு தலை அளவுக்கு. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், பழைய வீட்டுச் சுவர் என்று விட்டுவிட்டோம்.

முரளி கையை நீட்டி அந்தக் கறையைத் தொட்டார்.

"அப்பா படுத்துக்க மாட்டாரே" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சுவரிடம் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். "படுத்தா மூச்சு முட்டும் சார் அவருக்கு. கடைசி ரெண்டு மூணு வருஷமா இப்படி சாஞ்சு உக்காந்துண்டுதான் இருப்பார். தூங்கறதுகூட அப்படித்தான்."

அவருடைய வக்கீல் அவசரமாகக் கிட்டே வந்து, சார், ஒரு நிமிஷம் வெளியே பேசிட்டு வந்துடலாம் என்றார். முரளி கேட்கவில்லை. எழுந்து பின்னால் நகர்ந்து, தலையைச் சரியாக அந்தக் கறையின் மேல் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்பாவின் உயரம்தான், கறை தலைக்குப் பின்னால் மறைந்தே போயிற்று. சம்பத்தை இன்னொரு முறை கையெழுத்துப் போடச் சொன்னார் நீதிபதி. கட்டைச்சுவருக்கு மேலே, முற்றத்து வெயிலுக்கு அப்பால், நிலைக்கதவின் நடுவே நின்று மார்போடு அட்டையைப் பிடித்து சம்பத் கையெழுத்துப் போட்டார்.

நீதிபதி இந்த முறை கேள்விகூடக் கேட்கவில்லை.

"தெரியறது" என்றார் முரளி. "சம்பத் மாமா நன்னாத் தெரியறார். பேனாகூடத் தெரியறது."

அவருடைய வக்கீல் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முரளி கையை உயர்த்தித் தடுத்தார். "இங்க உக்காந்துண்டு என்னால பொய் சொல்ல முடியாது சார். அவா எழுதிக்கட்டும்" என்று என்னைக் காட்டினார்.

நீதிபதி வழக்கம் போலத் திருப்பிச் சொன்னார்: "உங்க அப்பா கடைசிக் காலத்துல சாஞ்சு உக்காந்துதான் இருப்பார். அப்படி உக்காந்தா ரேழியில நிக்கறவரும் அவர் கையெழுத்துப் போடறதும் தெரியுது. இப்படித்தானே சொன்னீங்க?"

"ஆமாம். இப்படித்தான்."

எழுதினேன். அத்தனை வருடத்தில் எழுதியதிலேயே அழகான சுருக்கெழுத்து அதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஆள் மீது வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நீதிபதிக்கு அந்தக் கறை முன்பே கண்ணில் பட்டிருக்குமோ, அதனால்தான் முரளியைப் படுக்கச் சொன்னாரோ என்று ஜீப்பில் வரும்போது கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பஸ்ஸை எதிர்பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். பாலத்தில் வரும்போது மட்டும், "நல்ல காத்து, இல்ல ஸ்டெல்லாம்மா?" என்றார். ஆமாங்க ஐயா என்றேன். அவருக்கும் நிம்மதிதான் என்று அதில் தெரிந்துகொண்டேன். டீக்கடை வழக்கு அவரையும் அரித்திருக்க வேண்டும். சட்டத்துக்கு மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று தெரியாது. இந்த ஒரு தடவை அது நல்லவர்கள் பக்கம் வந்து நின்றதில் அவருக்கும் சந்தோஷம் இருந்திருக்கும்.

தீர்ப்பை ஆங்கிலத்தில்தான் டிக்டேட் செய்தார். அறைக்குள் நடந்துகொண்டே, கண்ணை மூடிக்கொண்டு. சம்பத் உயிலை அட்டெஸ்ட் செய்தார் என்ற வாக்கியம் வந்ததும் நின்றார். உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதைச் சாட்சி பார்க்க வேண்டும், அவர் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று சாட்சியும் போட வேண்டும், உயிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்று அந்த வினைச்சொல்லைப் பிரித்துப் பிரித்து மூன்று பத்திகளுக்குச் சொன்னார். எவ்வளவு கிட்டே நின்றார் என்பது கேள்வியல்ல, கண்ணுக்கு எட்டினாரா என்பதே கேள்வி என்று முடித்தார். நஸ்ரீன், உனக்கு வேண்டிய பதில் இதில் இருக்கிறது. 'சான்றளித்தார்' என்றால் ஆபீஸில் உட்கார்ந்து முத்திரை குத்துகிற மாதிரி இருக்கிறது. 'உறுதி செய்தார்' என்றால் உயிலில் உள்ளதெல்லாம் சரி என்று அவர் சொன்ன மாதிரி ஆகிவிடும். நானாக இருந்தால் முதல் இடத்தில் 'நேரில் கண்டு சாட்சிக் கையெழுத்திட்டார்' என்று நீட்டியே போடுவேன். அப்புறம் வருகிற இடங்களில் 'சாட்சிக் கையெழுத்திட்டார்' என்று சுருக்கிக்கொள். கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது.

தீர்ப்பு நாளன்று முரளி வரவில்லை. அவருடைய வக்கீல் வந்திருந்தார், மேல்முறையீடு வேண்டாம் என்று கட்சிக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னார், அதைச் சொல்லும்போது அவருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நீதிபதி கடைசி இரண்டு வரியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்துவிட்டார். வைதேகியின் வக்கீல் அந்த நேரம் பார்த்து வேறு கோர்ட்டில் இருந்தார். அவள் கைகளைப் பிசைந்துகொண்டு என் மேஜைப் பக்கம் வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"மேடம், என்ன சொன்னார்? நேக்கு ஒண்ணும் புரியலை."

வழக்கு தள்ளுபடி ஆயிற்று, உயில் செல்லும், வீட்டை யாரும் கேட்க முடியாது என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அழவில்லை. நான் சொன்னதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறவள் மாதிரி உதடுகள் அசைந்தன. இங்கேயே நிற்க வேண்டுமா, எதிலாவது கையெழுத்துப் போட வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

"அப்போ நான் ஆத்துக்குப் போலாமா மேடம்?"

"போங்கம்மா" என்றேன். "உங்க வீடுதான்."